திருவாதிரை நாளில் சர்க்கரை முகாம்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இது வியாதியா வரமா தெரியாது. கடலூர் பழைய டவுனில், ஓ.டி.யில் ஏறுவேன், ஜன்னலோரம் இடம் பிடிப்பேன், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்வதற்குள் கண் சொருகிவிடும். சிதம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வழியை நான் முழுசாக விழித்திருந்து பார்த்ததே இல்லை. துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, மூடித் திறந்தால் பனி படுத்துக் கிடக்கிற வயல், இன்னொரு தரம் திறந்தால் தண்ணீர் மட்டும். பாலத்தில் ஏறும்போது பஸ்ஸின் சத்தம் மாறும். வெள்ளாறு வந்துவிட்டது என்று தூக்கத்திலேயே தெரியும். புதுச்சத்திரத்துப் பக்கம் நீலக் கதவு வைத்த வீடு ஒன்று தனியாக நிற்கிறது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேண்டுமென்றே கண்ணைத் தேய்த்துத் தேய்த்து விழித்திருந்து பார்த்தேன். அப்படி ஒரு வீடே கிடையாது.

நான் நர்சிங் படித்தவள். கொஞ்ச காலம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தேன். என் வாய் எனக்கு முன்னால் போய் நிற்கிற வாய். அங்கே ஒத்துவரவில்லை. அதற்கப்புறம்தான் எங்கள் சர்ச் பங்கில் நடத்துகிற சமுதாயக் கல்லூரியில் நோயாளர் பராமரிப்புச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். பத்தாவது ஃபெயிலா, வா. எட்டாவதோடு நின்றுவிட்டாயா, வா. பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டதா, பரவாயில்லை, அப்போதும் வா. இதுதான் எங்கள் கல்லூரி. தையல், கம்ப்யூட்டர், ஏசி ரிப்பேர் எல்லாம் கடலூரில் நடக்கும். பயிற்சிக்கு ஆஸ்பத்திரிகள் வேண்டும் என்பதால் என் வகுப்பு மட்டும் சிதம்பரத்தில், வண்டிகேட் பக்கம் ஒரு மாடியில்.

எங்கள் ஃபாதர்தான் கல்லூரிக்கு இயக்குநர். கூட்டம் போட்டால் போதும், ஒரே வசனம். "கல்லூரி ஊருக்குள்ள போகணும், ஊரு கல்லூரிக்குள்ள வரணும்." அதற்காக வருஷா வருஷம் ஃபாரம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். உங்கள் ஊரில் என்ன வேலை இருக்கிறது, என்ன படிக்க ஆசை என்று கேட்போம். சேருகிறவர்களுக்கு இன்னொரு ஃபாரம். அதில் ஒரு கட்டம், 'படிப்பை நிறுத்திய காரணம்.' ஆரம்பத்தில் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். அப்புறம் எல்லாருக்கும் ஒரே பதில்தானே என்று நானே 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும்.

என் வகுப்பில் சேர்ந்த அக்கா ஒருவருக்கும் அப்படித்தான் எழுதினேன். செம்மங்குப்பத்துக்காரர். வயது நாற்பத்தொன்று, என்னைவிட ஏழு வயது பெரியவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். எட்டாவதோடு நின்றவர். ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருஷமாகச் சமையல். யாருக்குச் சோறு, யாருக்கு உப்பில்லாமல், சர்க்கரைக்காரர் யார், அவருக்கு எத்தனை சப்பாத்தி என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அத்தனை பேர் வயிறும் அவருக்கு மனப்பாடம். வீட்டுக்காரர் தவறிய பிறகு, கடைசி மாசங்களில் அவரைப் பார்த்துக்கொண்ட கை சும்மா இருக்கக்கூடாது என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். வகுப்பு நாளில் செம்மங்குப்பத்தில் அதே பஸ்ஸில் ஏறி, என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் தூங்கி அவர் தோளில் சாய்வேன். வண்டிகேட் வரும்போது, "மிஸ், எறங்கணும்" என்று முழங்கையில் மெல்லத் தட்டுவார். சொல்லக்கூடாது, சொல்கிறேன், அந்தத் தோளில்தான் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

படிப்பு முடிகிற நேரம். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்தால்தான் சர்டிபிகேட். சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. "வயசு ஜாஸ்தி மேடம்" என்று ஒரே பாட்டு. அக்கா கேன்டீன் வேலையை விட்டுவிட்டு வந்தவர், அந்த இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று. பயிற்சி இல்லை என்றால் ஒரு வருஷப் படிப்பும் வீண். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸம்மா, "நேர்ல பாக்காம ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்கயாவது கேம்ப் போட்டா கூப்புடுங்க, வேலை செய்றத பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு அது போதும்.

இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் போடலாம் என்றேன். எந்த நாள் என்று ஃபாதர் கேட்டார். ஆருத்ரா தரிசனத்தன்று என்றேன். கிறிஸ்துமஸ் விடுமுறை, உள்ளூர் விடுமுறை, ஊர் முழுக்க ரோட்டில் இருக்கும், கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். ஊருக்குள் போவதென்றால் இதுவல்லவோ என்றார். வகுப்பில் வந்து தேதியைச் சொன்னேன். அக்கா எழுந்து நின்றார்.

"அன்னிக்கு வேணாம் மிஸ். அன்னிக்கு வந்து..."

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. யாருக்காக இந்த முகாம்? "லீவு வேணும்னா நேரா கேளுங்கக்கா. சாக்கு சொல்லாதீங்க. உக்காருங்க" என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முகாம் அன்று ஓ.டி.யில் கிளம்பும்போது பொழுது விடியவில்லை. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் இறக்காமல் எரிந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் நிற்க இடமில்லை, எல்லாம் தரிசனத்துக்குப் போகிற கூட்டம். எப்படியோ எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது, நானும் என் வழக்கப்படி தூங்கினேன். கனவில் எங்கள் ஃபாரங்களெல்லாம் வெள்ளாற்றின் மேல் வரிசையாகப் பறந்து போய்க்கொண்டிருந்தன. ஒன்றையும் பிடிக்கத் தோன்றவில்லை, பார்க்க அழகாக இருந்தது. "மிஸ், எறங்கணும்" என்று முழங்கையில் தட்டியதும் இறங்கினேன்.

சிதம்பரம் அன்றைக்கு ஊராகவே இல்லை. பனி விலகாமல் கோபுரம் பாதிக்கு மேல் காணோம். எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்கிறது, எங்கிருந்து என்று பிடிபடவில்லை. தெருவை அடைத்துப் போட்ட கோலங்களை மிதிக்காமல் ஒரு ஊரே நடந்து போகிறது. காற்றில் நெய்யும் வெல்லமும் மணத்தது. நான் பாதித் தூக்கத்தில், இந்த மணம் எனக்குத் தெரியுமே, எங்கே, எங்கே என்று நினைத்துக்கொண்டே பந்தலுக்கு வந்தேன். எல்லாம் மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது.

மாடிக்குக் கீழே ரோட்டோரமாகப் பந்தல். நாலு மேசை, நாலு மெஷின், மேசைக்கு இரண்டு மாணவிகள். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடை, குத்து, சொட்டு இரத்தம், எண்ணைப் பார், எழுது. கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நர்ஸம்மா பத்தரைக்கு வருவார்.

முதல் ஆளுக்கு இருநூற்று எண்பது. இரண்டாவது ஆளுக்கு முந்நூற்றுப் பத்து. மூன்றாவது ஒரு காலேஜ் பையன், சுள்ளி மாதிரி உடம்பு, அவனுக்கும் இருநூற்று நாற்பது. பக்கத்து மேசையிலும் அதே கதை. மெஷினை மாற்றினேன். ஸ்ட்ரிப் டப்பாவை மாற்றினேன். காலாவதித் தேதியைப் பார்த்தேன். மாணவிகளைத் திட்டினேன். "எத்தன தரம் சொல்லிக்குடுத்தேன்? கையில என்ன களிமண்ணா?" ஒரு பெண் அழத் தொடங்கிவிட்டாள். அதற்குள் வரிசையில், "சிதம்பரத்துல எல்லாருக்கும் சுகராம்டா மச்சான்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸம்மா வந்து இந்த எண்களைப் பார்த்தால், குத்தவே தெரியாத கும்பல் என்று திரும்பிப் போய்விடுவார். அக்காவின் கதை அதோடு முடிந்தது.

அக்காவின் மேசையைப் பார்த்தேன். வந்தவரிடம் ஏதோ பேசிப் பேசி ஃபாரத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் போய்க் கதை பேசுகிறாரே!

"ஃபாரத்துல கிறுக்காதீங்கக்கா! கட்டத்துக்குள்ள மட்டும் எழுதுங்க!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நான் நகர்ந்ததும் மறுபடி ஓரத்தில் எழுதினார்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்து அக்கா முன்னால் உட்கார்ந்தார். மெஷினில் முந்நூற்றுத் தொண்ணூறு. மாணவி எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டாள். பெரியவர் முகம் வெளுத்துப் போயிற்று. "யம்மா, எனக்குச் சுகரே இல்லன்னு போன மாசந்தான் சொன்னாங்க. நான் பொழைப்பனா?" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர் கையை அப்படியே தூக்கித் தன் மூக்குக்கு நேராக வைத்து முகர்ந்தார். கேன்டீனில் சாம்பார் பதம் பார்க்கிற முகம்.

"பெரியவரே, என்னா சாப்ட்டீங்க?"

"களிதான் தாயி. வூட்ல சாப்ட்டேன். தோ, எதுத்தாப்புல தொன்னையில குடுத்தாங்க, அதுவும் சாப்ட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பெரிய அண்டா. அதைச் சுற்றி இலைத் தொன்னைகள். மனிதர்கள் அங்கே களி வாங்கி, கையால் வழித்துச் சாப்பிட்டு, விரலை நக்கிவிட்டு, நேராக ரோட்டைக் கடந்து எங்கள் வரிசையில் நின்றார்கள். காலையிலிருந்து என் கண் எதிரே நடந்திருக்கிறது. 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வருஷா வருஷம் பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும், கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பதில் மரியாதை. முந்திரி தூக்கலாக இருக்கிறதா என்று கிண்டிப் பார்த்துச் சாப்பிடுவேன். அந்த மணம்தான் இது. ஊரே வெல்லம் தின்கிற நாளில் ஊருக்குச் சர்க்கரை பார்க்கக் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன்! என்னை எதால் அடிப்பது?

அக்கா பெரியவரைக் கைத்தாங்கலாக மாடிப்படிக்குக் கீழே இருந்த குழாய்க்கு அழைத்துப் போனார். சோப்புப் போட்டு, கல்யாண வீட்டில் குழந்தைக்குக் கழுவிவிடுவது போல நகக்கண் வரை கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினார். நூற்று எழுபத்திரண்டு. விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தையும் சேர்த்துத்தான் மெஷின் எண்ணியிருக்கிறது.

"களி சாப்ட்டதுக்கு இது இருக்கத்தான் செய்யும். ரெண்டு நாள் கழிச்சு வெறும் வயித்துல பாருங்க. பொழைச்சிக் கெடப்பீங்க" என்றார் அக்கா. பெரியவர் அங்கேயே உட்கார்ந்து கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கை கழுவியபின் குத்து என்பது பாடத்தில் இருக்கிறது. நானே நடத்தியிருக்கிறேன். கூட்டம் சேர வேண்டும், வேகமாக முடிய வேண்டும் என்று ஸ்பிரிட் பஞ்சு போதும் என்று சொன்னதும் நான்தான்.

நர்ஸம்மா வந்தபோது ஒரு மெஷின்கூட ஓடவில்லை. குழாயடியிலிருந்து ரோடு வரை வரிசை. ஒரு மாணவி மக்கில் தண்ணீர் ஊற்றுகிறாள், ஒருத்தி சோப்பு நீட்டுகிறாள். நடுவில் அக்கா நின்று ஒவ்வொருவராக, "என்னா சாப்ட்டீங்க, எப்ப சாப்ட்டீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன இது, பந்தி எழுந்துடுச்சா?" என்றார் நர்ஸம்மா.

மேசையில் இருந்த ஃபாரங்களை எடுத்துப் புரட்டினார். மூன்று மேசை ஃபாரங்களில் வெறும் எண். அக்காவின் ஃபாரங்களில் எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், குண்டு குண்டு எழுத்து. 'களி, ஏழு மணி.' 'களி இரண்டு தடவை, கூட்டு.' 'சாப்பிடவில்லை, விரதம்.' அந்த விரதக்காரருக்கு மட்டும் தொண்ணூற்றெட்டு.

"இப்படிக் கேட்டு எழுதணும்னு யாரு சொல்லிக்குடுத்தது? நீங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அக்காவும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். ஆனால் பந்தலுக்கு வெளியே அந்தப் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"இல்ல மேடம். கிறுக்காதீங்கன்னு நான் திட்டினேன். கை கழுவணும்னு கண்டுபிடிச்சதும் அவுங்கதான். எனக்குத் தோணவே இல்ல."

நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருவாதிரை அன்னிக்குச் சிதம்பரத்துல சுகர் டெஸ்ட்டு. எந்த ஊரும்மா நீங்க?"

"கடலூர்."

"அதான பாத்தேன்" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "வயசென்ன?"

"நாப்பத்தொண்ணு மேடம்."

நாதஸ்வரம் நின்று, எங்கேயோ வேட்டு ஒன்று வெடித்தது.

"நைட் டூட்டி பாப்பீங்களா?"

"கேன்டீன்ல நைட் ஷிஃப்ட் பாத்தவதான் மேடம்."

"நாளன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க. ஏழுன்னா ஏழு. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன்."

அக்கா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். நான்தான் பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. தரிசனம் முடிந்த கூட்டம் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்து வந்தது. தூக்கம் கண்ணைக் கட்டியது. அக்கா பையிலிருந்து ஒரு தொன்னையை எடுத்தார்.

"மிஸ், நீங்க என்னா சாப்ட்டீங்க?"

காலையிலிருந்து ஒன்றுமில்லை. யாரும் கேட்கவும் இல்லை. களியை வாங்கினேன். ஆறிப்போயிருந்தது, நெய் உறைந்து வாயில் கரையாமல் நின்றது. அத்தனை ருசி. பாதி தின்றபின்தான் கேட்க முடிந்தது.

"அக்கா, அன்னிக்கு இதச் சொல்லத்தான எழுந்தீங்க? ஏன் இன்னொரு தரம் சொல்லல?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். பஸ் பாலத்தில் ஏறியது, சத்தம் மாறியது.

"எட்டாவது படிக்கச்சொல்ல, போர்டுல கணக்கு தப்பா இருந்துது மிஸ். எழுந்து சொன்னேன். 'பெரிய கணக்குப்புள்ள, உக்காரு'ன்னாங்க டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. உக்காந்துட்டேன். மறுநாள் போவல. அப்புறம் போவவே இல்ல."

நான் தொன்னையைப் பிடித்தபடி இருந்தேன்.

"நீங்க அன்னிக்குச் சொன்னப்பவும் அதே மாதிரி ஆயிப்போச்சி. அடுத்த வகுப்புக்கு வரவேணாம்னுதான் இருந்தேன். ஸ்டாப்புல சும்மா நின்னுகினு இருந்தேன். பஸ்ஸு வந்துது. நீங்க ஜன்னல்ல தலைய சாச்சி, வாயத் தொறந்துகினு தூங்கறீங்க. ஐயோ, வண்டிகேட்ல யாரு எழுப்புவாங்கன்னு தோணுச்சி. ஏறிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மன்னிச்சிடுங்கக்கா என்று சொன்னேன். "அட விடுங்க மிஸ், கீழ சிந்துது பாருங்க" என்று தொன்னையை நிமிர்த்திப் பிடித்தார். அன்றைக்கு நான் தூங்கவில்லை. வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன். செம்மங்குப்பத்தில் அவர் இறங்கி, ரோட்டைக் கடந்து, வளைவில் மறையும்வரை பார்த்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய ஃபாரக் கட்டை இறக்கி, அக்காவுடையதைத் தேடி எடுத்தேன். 'படிப்பை நிறுத்திய காரணம்.' என் கையெழுத்தில் 'குடும்பச் சூழ்நிலை.' அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'டீச்சர்' என்று எழுதினேன். ஃபாதர் பார்த்தால் இது என்ன கிறுக்கல் என்று கேட்பார். கேட்கட்டும், சொல்கிறேன்.